அனுமதி பெறாத பதிப்பாசிரியர்கள்

2006 ஏப்ரல் 20 அன்று ஜப்பானில் வெளியான 'மதர் 3' என்ற விளையாட்டு நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்காக உருவாக்கப்பட்டது. அதன் கதையையும் உரையாடல்களையும் எழுதிய ஷிகெசாடோ இடோய், விளம்பர வாசகங்கள் எழுதிப் புகழ்பெற்றவர்; இயக்குநர் மியாசாகியின் 'டொட்டோரோ' அசைபடத்தில் தந்தையின் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. முதலில் நின்டெண்டோ 64 என்னும் வீட்டுக் கருவிக்காகத் தொடங்கி, 2000 ஆகஸ்டில் கைவிடப்பட்டு, பின்னர் வேறொரு கருவிக்காக மீண்டும் எடுக்கப்பட்ட இந்தப் படைப்பை ஜப்பானுக்கு வெளியே விற்க நின்டெண்டோ முன்வரவில்லை; 2024 பிப்ரவரியில் தன் இணையச் சந்தா சேவையில் அதைச் சேர்த்தபோதும் ஜப்பானியச் சந்தாதாரர்களுக்கு மட்டுமே கொடுத்தது. ஆனாலும் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் அதை ஆங்கிலத்தில் ஆடியிருக்கிறார்கள். 2008 அக்டோபர் 17 அன்று ஏறத்தாழ பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு ரசிகர் குழு, யாரும் கேட்காமலும் யாரிடமும் காசு வாங்காமலும் செய்துமுடித்து வெளியிட்ட மொழிபெயர்ப்பே அதற்குக் காரணம்.

அந்தக் குழுவை வழிநடத்திய கிளைட் மேண்டலின், ஜப்பானிய அசைபடங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர். அச்சிட்டால் சுமார் 1,000 பக்கம் வரக்கூடிய உரையாடல்களைத் தொழிலுக்கு அப்பாற்பட்ட நேரத்தில் இரண்டு ஆண்டுகள் உழைத்து அவரும் நண்பர்களும் பெயர்த்தார்கள். வெளியான ஒரு வாரத்துக்குள் அது 1 லட்சம் தடவைக்கு மேல் பதிவிறக்கப்பட்டது. நின்டெண்டோ விரும்பினால் தங்கள் மொழிபெயர்ப்பை விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று 2013-இல் மேண்டலின் வெளிப்படையாகச் சொன்னார், நிறுவனம் எடுத்துக்கொள்ளவில்லை. அனுமதியின்றி மொழிபெயர்க்கும் இந்தச் செயலைச் சிலர் களவு என்கிறார்கள், சிலர் பொழுதுபோக்கு என்கிறார்கள். தமிழில் இதற்கு இன்னும் பொருத்தமான சொல் ஒன்று உண்டு: பதிப்பு. ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, புரியாத இடத்தைப் புரியவைத்து, வாசகர் கையில் கொடுப்பதை வேலையாகக் கொண்ட பதிப்பாசிரியர்களின் மரபில் வைத்துப் பார்த்தால்தான் இந்த ரசிகர்களின் உழைப்பு சரியான அளவில் தெரியும்.

'ரோல் பிளேயிங் கேம்' எனப்படும் இந்த விளையாட்டு வகையில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஊர் ஊராக நடந்து, எதிர்ப்படுவோரிடம் பேசி, கதையின் முடிச்சை மெல்ல அவிழ்க்க வேண்டும். விரல் வேகத்தைவிடப் படிப்பதும் யோசிப்பதும் இதில் முக்கியம். வாசிக்கத் தெரியாத மொழியில் இதை ஆடுவது அரைமணி நேரத்துக்கு மேல் இயலாத காரியம். 1990களில் சென்னையின் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் விற்ற 8 பிட் டிவி கேம்களும் மஞ்சள் நிறக் 'கேசட்'டுகளும் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளுக்குள் நுழைந்தபோது, மாரியோவும் கான்ட்ராவும் எந்த மொழித் தடையுமின்றி வந்து சேர்ந்தன. குதிப்பதற்கும் சுடுவதற்கும் அகராதி தேவைப்படவில்லை. அதே கருவிக்காக ஜப்பானில் வெளியாகி அங்கே பெருவரவேற்பைப் பெற்ற 'டிராகன் குவெஸ்ட்', 'ஃபைனல் ஃபேன்டசி' போன்ற கதை விளையாட்டுகள் அந்தக் கேசட்டுகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. மொழி ஒரு காரணம். பல மணி நேரம் ஆடிய கதையைச் சேமித்துவைக்கத் தேவையான மின்கலம் பொருத்திய நினைவகம் மலிவான நகல் கேசட்டுகளில் இல்லாதது இன்னொரு காரணம். ஆக, ஒரு தலைமுறை முழுவதும் தொலைக்காட்சி விளையாட்டு என்றால் ஓடுவதும் சுடுவதும்தான் என்று எண்ணி வளர்ந்தது. அதே பெட்டிக்குள் நாவல் அளவுக்கு விரிந்த கதைகளும் இருந்தன என்பது அதற்குத் தெரியாமலே போனது.

மூல நிரல் கையில் இல்லாதபோது ஒரு விளையாட்டின் மொழியை எப்படி மாற்றுவது என்பது இங்கே விளக்கத்தக்கது. கேசட்டுக்குள் உள்ள சில்லில் பதிந்திருப்பதை அப்படியே கணினிக் கோப்பாக நகலெடுத்தால் கிடைப்பது 'ரோம்' எனப்படும். அதில் படம், இசை, நிரல், உரையாடல் எல்லாம் வெறும் எண்களாக, எது எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு ஏதுமின்றிக் கிடக்கும். ஒவ்வொரு விளையாட்டும் தன் எழுத்துகளுக்குத் தன் விருப்பம்போல் எண்ணிட்டிருக்கும் என்பதால், 'அ' என்பது ஒன்றில் 12 ஆகவும் மற்றொன்றில் 130 ஆகவும் இருக்கலாம். எண் தெரியாவிட்டாலும் எழுத்துகளுக்கிடையே உள்ள தொலைவு மாறாது என்ற உண்மையைப் பற்றிக்கொண்டு, திரையில் தெரியும் ஒரு சொல்லின் எழுத்துகள் நெடுங்கணக்கில் ஒன்றிலிருந்து ஒன்று எத்தனை இடம் தள்ளி நிற்கின்றனவோ அதே இடைவெளியில் எண்கள் வரும் இடத்தைக் கோப்பு முழுவதும் தேடுவார்கள். அந்த ஒரு சொல் கிடைத்துவிட்டால் எழுத்துக்கும் எண்ணுக்குமான பட்டியல் கிடைத்துவிடும். பட்டியல் கிடைத்துவிட்டால் உரையாடல் முழுவதும் படிக்கும் நிலைக்கு வந்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஜப்பானிய எழுத்துகள் எல்லாம் ஒரே அகலமுள்ள கட்டங்களில் அடங்குபவை; ஆங்கிலத்தில் 'ஐ' ஒலிக்கு எழுதும் எழுத்து மெலிந்தும் 'எம்' அகன்றும் நிற்கும். ஒரே கட்டத்தில் இரண்டையும் வைத்தால் வரி பல் இல்லாத வாயைப்போல் இடைவெளி விட்டுத் தோன்றும். ஜப்பானியத்தில் ஏழெட்டு எழுத்தில் முடியும் வாக்கியம் ஆங்கிலத்தில் இருபது எழுத்தைத் தாண்டும். அதை அடைக்க மூலத்தில் இடமிருக்காது. எனவே மொழிபெயர்ப்பாளருடன், கருவியின் செயலி மொழியையே படித்து எழுதக்கூடிய ஒருவரும் தேவைப்படுகிறார்: எழுத்தைத் திரையில் வரையும் நிரலைப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தும் தன் அகலத்துக்கேற்ப நகரும்படி திருத்தி, நீண்ட வாக்கியங்களைக் கோப்பின் வெற்றிடத்துக்கு மாற்றி, அவை இருக்கும் புதிய முகவரிகளைச் சுட்டும் எண்களையும் மாற்றுவது அவர் பணி. 'ஃபைனல் ஃபேன்டசி 5'-ஐ 1997-98-இல் ஆங்கிலத்தில் கொணர்ந்த குழு இந்தப் பாதையில் முன்னோடியானது. எழுத்துகளை மட்டும் மாற்றிப் பார்த்து முடியாமல்போன பிறகே, எழுத்தைக் கையாளும் நிரலை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

முடிந்த வேலை எந்த வடிவில் வெளியாகிறது என்பதே இத்துறையின் ஒழுக்கத்தைக் காட்டும் இடம். மாற்றப்பட்ட விளையாட்டை முழுதாக விநியோகிப்பது நிறுவனத்தின் சொத்தை விநியோகிப்பதாகிவிடும் என்பதால், மூலத்துக்கும் திருத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் தனியே பிரித்து ஒரு சிறு கோப்பாகக் கொடுப்பார்கள். இதற்கு 'பேட்ச்' என்று பெயர். இன்ன இடத்தில் இத்தனை பைட்டுகளை எடுத்துவிட்டு இவற்றை வை என்ற கட்டளைகளின் வரிசைதான் அது; விளையாட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர் தம் நகலில் அதைப் பொருத்திக்கொள்ள வேண்டும். பழைய 'ஐ.பி.எஸ்.' வடிவத்தில் இட எண்ணுக்கு மூன்று பைட்டுகளே உண்டு என்பதால் 16 மெகாபைட்டுக்கு அப்பால் அதனால் சுட்ட முடியாது. 'மதர் 3' 32 மெகாபைட் கொண்டதாகையால், அதன் மொழிபெயர்ப்பு 'யு.பி.எஸ்.' என்ற புதிய வடிவத்தில் வெளியானது.

மூலத்தில் வரி சேர்ப்பதைப் பற்றி நம்மிடமும் ஒரு பழைய கதை உண்டு. வட சென்னையின் திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலின் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்ற பெயர் வழங்குவதன் காரணத்தைத் தல வரலாறு சொல்கிறது: அரசன் ஒருவன் ஊர்களுக்கெல்லாம் பொதுவாக எழுதிய வரி ஆணையின் ஓலையில், 'ஒற்றியூர் நீங்கலாக' என்ற தொடர் வரிகளுக்கிடையே யாரும் அறியாமல் சேர்ந்திருந்தது, எழுதியவன் இறைவனே என்று அரசன் உணர்ந்தான். எழுதி முடித்த ஏட்டின் இடைவெளியில் புது வரி புகுவது தமிழருக்குப் பழக்கமான செய்தி. தெய்வம் எழுதினால் அது அருள். மனிதர் எழுதிவிட்டுச் சொல்லாமல் போனால் அது இடைச்செருகல். கம்பராமாயணத்தில் பிற்காலத்தார் சேர்த்த பாடல்களை 'வெள்ளிப் பாடல்கள்' என்று ஒதுக்குவதும், அவற்றை வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் மீது ஏற்றிச் சொல்வதும் அந்தக் குறையை ஈடுசெய்யும் முயற்சிகளே. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏட்டுக்கு ஏடு மாறுபடும் பாடங்களைக் குறித்துவைத்தது பதிப்புலகில் ஒரு புது நேர்மையைக் கொண்டுவந்தது. பேட்ச் என்னும் முறை அந்த நேர்மையை இயந்திர அளவில் நிறைவேற்றுகிறது: மூலம் தொடப்படாமல் ஒருபுறம் இருக்க, மாற்றம் முழுவதும் மறுபுறம் பைட்டு பைட்டாகக் கணக்கு வைக்கப்பட்டு நிற்கிறது, எவரும் எந்த நேரத்திலும் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

மொழிபெயர்ப்போடு நில்லாமல் கதையையும் வரைபடத்தையும் பகைவர்களையும் மாற்றிப் புதிய விளையாட்டையே எழுப்புவோரும் உண்டு. இவ்வகைக்கு 'ரோம் ஹேக்' என்று பெயர். டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் ரசனையை அளவுகோலாக வைத்துக் கம்பனின் பாடல்களைத் தள்ளியும் சொற்களைத் திருத்தியும் வெளியிட்டபோது எழுந்த வாதங்கள் இங்கேயும் எழுவது இயல்பு. ஆனால் இந்தப் பட்டறையில் பயின்றவர்களிடமிருந்து சில பெரிய படைப்புகளும் வந்திருக்கின்றன. 'மதர்' வரிசையின் இரண்டாம் விளையாட்டான 'எர்த்பவுண்ட்'-ஐ வைத்து 2008-இல் ஒரு ஹேக் செய்த அமெரிக்க இளைஞர் டோபி ஃபாக்ஸ், 2015-இல் 'அண்டர்டேல்' என்ற சொந்த விளையாட்டை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். மறுபுறத்தில், 1995-இல் வெளியான 'குரோனோ டிரிகர்' விளையாட்டின் தொடர்ச்சியாக ரசிகர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய 'கிரிம்சன் எக்கோஸ்', முடியும் தறுவாயில் இருந்த 2009 மே மாதத்தில் உரிமை நிறுவனமான ஸ்கொயர் எனிக்ஸின் சட்ட எச்சரிக்கையால் நிறுத்தப்பட்டது. முழு நாவல் எழுதி அச்சுக்குப் போகும் நாளில் கையெழுத்துப் பிரதியை மூடிவைக்க நேர்ந்தால் எழுத்தாளருக்கு என்ன நேருமோ அதுதான் அவர்களுக்கும் நேர்ந்தது.

மொழிபெயர்ப்புகளைப் பொறுத்தவரை நிறுவனங்கள் பெரும்பாலும் மௌனம் காத்திருக்கின்றன. சில வேளைகளில் ரசிகர்கள் சென்ற வழியில் பிந்தி நடந்திருக்கின்றன. 1992-இல் ஜப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபேன்டசி 5' அதிகாரப்பூர்வ ஆங்கிலத்தில் வந்தது 1999-இல். ரசிகர் பதிப்பு அதற்கு முன்பே பரவியிருந்தது. 1995-இன் 'செய்கென் டென்செட்சு 3' ரசிகர்களின் ஆங்கிலத்தில் 2000-ஐ ஒட்டிக் கிடைத்துவிட, நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பு 2019 வரை காத்திருந்தது. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் அந்தப் படைப்பு ஆங்கில வாசகரிடையே உயிரோடிருந்ததற்கு உரிமையாளர் எதுவும் செய்யவில்லை என்பதை எந்த நியாயமான கணக்கிலும் எழுத வேண்டும்.

சட்டம் உரிமையாளரின் பக்கமே நிற்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 14-ஆம் பிரிவு மொழிபெயர்க்கும் உரிமையையும் தழுவியமைக்கும் உரிமையையும் உரிமையாளருக்கே ஒதுக்குகிறது. அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவு, இலக்கியப் படைப்பு வெளியாகி ஏழு ஆண்டுகள் கழிந்தும் ஒரு மொழியில் மொழிபெயர்ப்பு வராதிருந்தால், உரிய அமைப்பிடம் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி மொழிபெயர்க்க உரிமம் பெறலாம் என்கிறது. அச்சு நூல்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பிரிவு அது. ஆனால் 'இலக்கியப் படைப்பு' என்ற சொல்லுக்குள் கணினி நிரலையும் இதே சட்டம் சேர்க்கிறது என்பதால், இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சட்ட மாணவர்கள் முன்வர வேண்டும். விற்பனையில் இல்லாத, விற்கும் எண்ணமும் இல்லாத ஒரு படைப்பை இன்னொரு மொழியினர் படிக்கவிடாமல் தடுப்பதால் யாருக்கும் ஒரு ரூபாய்கூட லாபமில்லை.

தமிழுக்கு இதில் என்ன இடம்? 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் கணினிப் பதிப்பில் தமிழைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. அந்த மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் அனுமதியோடு தன்னார்வலர்கள் செய்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொல்லும் 'வெண்பா', டொரோன்டோவிலிருந்து 2023-இல் வெளியாகி, கிழிந்தும் மங்கியும் போன சமையல் குறிப்புகளைச் சரியாக ஊகித்து மீட்பதையே விளையாட்டாக்கியது. பழைய கதை விளையாட்டு ஒன்றைத் தமிழாக்க முனைபவர், இவ்விரண்டுக்கும் நேராத ஓர் இடரைச் சந்திக்க வேண்டும்: பழைய கருவிக்கு யூனிகோடு தெரியாது.

இன்றைய கைபேசி, 'கெ' என்பதை முதலில் க, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமித்து, திரையில் காட்டும்போது கொம்பை முன்னே தள்ளி வரையும் மென்பொருளைத் தன்னுள் கொண்டது. கேம் பாயிலோ சூப்பர் நின்டெண்டோவிலோ அத்தகைய மென்பொருள் இல்லை. கொடுத்த எண்ணுக்குரிய படத்தை இடமிருந்து வலமாக வைப்பது ஒன்றே அதற்குத் தெரியும். அங்கே தமிழ் எழுத வேண்டுமானால், கண் பார்க்கும் வரிசையிலேயே கொம்பை முன்னும் எழுத்தைப் பின்னும் சேமிக்க வேண்டும். 1990களின் இறுதியில் உலகெங்கும் சிதறியிருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் கூடி வகுத்த 'திஸ்கி' குறியீடு இந்த முறையில்தான் அமைந்தது. சுவிட்சர்லாந்தில் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கிய கு. கல்யாணசுந்தரமும் மலேசியாவில் 'முரசு அஞ்சல்' தந்த முத்து நெடுமாறனும் அந்தத் தலைமுறையின் முன்னோடிகள். 256 இடங்களுக்குள் ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டு தமிழையும் அடக்கிய அவர்களது திறமை, யூனிகோடு வந்தபின் பயனற்றதாகக் கருதப்பட்டு மறக்கப்பட்டது. ரோம் மொழிபெயர்ப்பாளருக்கு இன்றும் தேவைப்படுவது அந்த அறிவே.

கணக்கிட்டுப் பார்த்தால் மலைக்க ஒன்றுமில்லை. தமிழ் எழுத்துகள் 247 என்று பள்ளியில் சொன்னாலும் தனித்தனியே வரைய வேண்டிய வடிவங்கள் அத்தனை இல்லை: உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகர உயிர்மெய் 18, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் சேர்ந்து 72, கால், இரு கொம்புகள், ஐகாரக் குறி என 4; ஆக மொத்தம் 125. கிரந்த எழுத்துகளைச் சேர்த்தாலும் 150-ஐ ஒட்டியே நிற்கும். எழுத்துக்கு ஒரு பைட் ஒதுக்கும் பழைய விளையாட்டுகளில், எண்களுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் கட்டளைக் குறிகளுக்கும் இதற்குப் பின்னும் இடமிருக்கும். பெரியார் முன்வைத்து 1978-இல் தமிழக அரசு ஆணையாக்கிய எழுத்துச் சீர்திருத்தம் இல்லாதிருந்தால், ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் தனி வடிவங்கள் வரைய நேர்ந்திருக்கும். எண்ணிக்கையைவிட அகலமே பெரிய தொல்லை: 8 புள்ளி அகலமுள்ள கட்டத்தில் ண, ஞ, ஐ போன்றவை தெளிவாக அமையா, ஆங்கிலத்துக்காகச் செய்ததைப் போலவே எழுத்தின் அகலம் மாறும் நிரலைத் தமிழுக்கும் எழுதியாக வேண்டும்.

இலக்கணம் இதைவிடக் கடினமான சோதனையை வைக்கிறது. விளையாட்டு நிரல், 'இன்னார் இன்னதைப் பெற்றார்' போன்ற ஒரு வாக்கிய அச்சை வைத்துக்கொண்டு, பெயரையும் பொருளையும் அவ்வப்போது அதில் பொருத்தும். தமிழில் 'மருந்து' மருந்தை ஆகும், 'மரம்' மரத்தை ஆகும், 'கல்' கல்லை ஆகும். பெற்றவர் ஆணா பெண்ணா விலங்கா என்பதைப் பொறுத்து வினைமுற்றும் மாறும். 'மதர் 3'-இல் ஆடுபவரின் அணியில் ஒரு சிறுவன், ஒரு பெண், ஒரு நாய், ஒரு குரங்கு எல்லாம் இடம்பெறுகிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டாம் வேற்றுமை வடிவத்தையும் தனியே சேமிப்பது ஒரு வழி. 'மருந்து கிடைத்தது' என்று எழுவாயை மாற்றிப்போட்டு உருபையும் பால் விகுதியையும் ஒருசேரத் தவிர்ப்பது இன்னொரு வழி. பின்னது எளிது மட்டுமன்றித் தமிழுக்கு இயல்பானதும்கூட. கிடைத்தது, தீர்ந்தது, விழுந்தது, ஆறியது என்று அஃறிணை எழுவாயில் பேசுவது நம் அன்றாட வழக்கு.

உரையாடலின் நடையைத் தீர்மானிப்பதில்தான் மொழிபெயர்ப்பாளர் படைப்பாளியாகிறார், இங்கே 'மதர் 3'-இன் கதை தமிழருக்கு மிக அருகில் வருகிறது. டாஸ்மிலி என்ற கடலோரச் சிற்றூரில் பணம் என்பதையே மக்கள் அறியார். உள்ளதைப் பகிர்ந்து வாழ்கிறார்கள். வெளியாட்கள் 'மகிழ்ச்சிப் பெட்டி' என்ற ஒளிரும் பெட்டியை வீட்டுக்கு வீடு வைக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஊரில் ரயில் ஓடுகிறது, ஆலை இயங்குகிறது, பணம் புழங்குகிறது, பெட்டி வாங்காதவன் ஒதுக்கப்படுகிறான். 1946-இல் எம்.ஆர்.எஃப். ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதும், 1950களில் என்ஃபீல்ட் ஆலை வந்ததும், எண்ணூரில் அனல்மின் நிலையமும் 2001-இல் துறைமுகமும் எழுந்ததும், இவற்றுக்கிடையே மீனவர் குப்பங்கள் கரையையும் கழிமுகத்தையும் விடாமல் பற்றி நிற்பதும் கண்ட திருவொற்றியூர் வாசகருக்கு, டாஸ்மிலியின் கதைக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. ஆலை தந்த சம்பளத்தையும் ஆலை எடுத்துக்கொண்ட கடற்கரையையும் ஒருசேர அறிந்தவர்கள் அவர்கள்; இடோயும் மாற்றத்தை வெறும் தீமையாகக் காட்டவில்லை, புது வசதிகளில் மகிழும் ஊரார் அவர் கதையில் நிறையப் பேர். அவ்வூர் மக்கள் மேடைத் தமிழில் பேசினால் கதை அங்கேயே இறந்துவிடும். மூத்தோரின் பேச்சுக்குக் குப்பத்து வழக்கும், பெட்டி வந்தபின் வளர்ந்த இளையோரின் பேச்சுக்கு ஆலைக் குடியிருப்பின் கலப்பு மொழியும் கொடுத்தால், மூன்று ஆண்டுகளில் ஊர் மாறியதை வசனமே காட்டிவிடும். 'இன்னா', 'கீது' என்ற சொற்களைத் திரைப்படங்கள் நகைச்சுவைக்கு மட்டும் பயன்படுத்திய வழக்கத்துக்கு அது ஒரு மாற்றாகவும் அமையும்.

மேண்டலின் குழு தன் வேலை முடிந்ததும் தான் எழுதிய கருவிகளையும் பிற மொழியினர் எடுத்தாளக் கொடுத்தது. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் 'மதர் 3' அவ்வழியாகவே பின்னர் வெளியானது. தமிழ்ப் பதிப்புக்கு முன்வரும் குழுவில் ஜப்பானியமோ ஆங்கிலமோ நன்கறிந்த ஒருவரும், செயலி மொழி தெரிந்த ஒருவரும், சிறு கட்டங்களில் 125 வடிவங்களையும் புள்ளி புள்ளியாக வரையும் பொறுமையுள்ள ஒருவரும், வட சென்னைப் பேச்சைக் காதில் வைத்திருக்கும் ஒருவரும் இருந்தால், முதல் அத்தியாயத்தை முடிக்கும் வேலையைத் தொடங்கலாம்.